‘இது கனவு’ என்று கனவிலேயே தெரிந்துகொள்வது: வாசகர் கேள்வி – பதில்

சென்ற மாதம் இந்தத் தூக்கப் பகுதியில், கனவு காணும்போதே ‘இது கனவு’ என்று தெரிந்துகொள்வதைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். லூசிட் ட்ரீம் என்பார்கள். நான் தெளிவுக் கனவு என்று எழுதுகிறேன். குறட்டை, தூக்க மாத்திரை என்று வழக்கமாக வரும் கேள்விகளையெல்லாம் அந்த நாலு வரி தள்ளிவிட்டது. வந்த கடிதங்களில் பலவும் ஒரே கேள்வியைக் கேட்பதால் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: நான் டாக்டர் இல்லை. இங்கே சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையின் தூக்க ஆய்வுக்கூடத்தில் 27 வருடம் இரவு வேலை பார்த்த தொழில்நுட்பர். மற்றவர்கள் தூங்குவதை விடிய விடியத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை. தெளிவுக் கனவுப் பழக்கம் அந்த வேலையில் இருக்கும்போது தொற்றிக்கொண்டது, ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை.

அக்கா, இது உண்மையிலேயே இருக்கிறதா? விழித்த பிறகு நாமே கற்பனை செய்துகொள்கிறோமோ என்று என் தோழி கேட்கிறாள். (மாணவி, செங்காங்)

உங்கள் தோழி கேட்டதைத்தான் விஞ்ஞானிகளும் பல வருடம் கேட்டார்கள். ‘லூசிட் ட்ரீம்’ என்ற பெயரை 1913இல் பரப்பியவர் நெதர்லாந்தின் ஃபிரெடரிக் வான் ஈடன். பெயர் இருந்தும், கண்டவர் சொல்வதைத் தவிர வேறு சாட்சி இல்லாததால் ரொம்ப காலம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தச் சாட்சி எப்படிக் கிடைத்தது என்பதை என் வேலையை வைத்தே சொல்கிறேன். பரிசோதனைக்கு வருபவரின் தலையில் பசை தடவி, ஒயர்களை ஒட்டி முடித்ததும், விளக்கை அணைப்பதற்கு முன் பக்கத்து அறையிலிருந்து ஒலிபெருக்கியில் பேசுவோம். “தலையை ஆட்டாமல் கண்ணை மட்டும் இடது பக்கம் திருப்புங்கள். இப்போது வலது பக்கம். மறுபடி இடது, வலது.” கண்ணோரம் ஒட்டிய ஒயர்கள் சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்க்கத்தான் இது. திரையில் இரண்டு கோடுகள் ஒன்றுக்கொன்று எதிராக ஏறி இறங்கும். ஆயிரக்கணக்கான தடவை இதைச் சொல்லியிருப்பேன்.

கனவு மிகுதியாக வரும் தூக்கத்தில் மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக ஓடும். அதனால்தான் அதற்கு ரெம் (ரேப்பிட் ஐ மூவ்மென்ட், வேகமான கண்ணசைவு) தூக்கம் என்று பெயர். 1953இல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் இதை வெளியிட்டார்கள். அந்த நேரத்தில் கை, கால், தாடைத் தசைகளையெல்லாம் மூளை கட்டிப்போட்டுவிடும். ஒலிபெருக்கியில் என்ன கட்டளையிட்டாலும் கை அசையாது. ஆனால் கண்ணும் மூச்சும் கட்டுப்படுவதில்லை. 1975 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்ற ஆய்வாளர் இந்தச் சந்து வழியாகத்தான் உள்ளே போனார். ஆலன் வோர்ஸ்லி என்பவரிடம், கனவு என்று தெரிந்ததும் கண்ணை இடம் வலமாக இத்தனை முறை திருப்புங்கள் என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தார். அவர் ஆழ்ந்த ரெம் தூக்கத்தில் இருந்தபோது அதே அசைவு காகிதத்தில் பதிவானது. சில வருடங்களுக்குள் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீவன் லாபெர்ஜ் தனியாக அதையே செய்து காட்டினார்.

2021இல் வெளிவந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. நான்கு நாடுகளில் தூங்கிக்கொண்டிருந்தவர்களிடம் சின்னச் சின்னக் கேள்விகள் கேட்டார்கள். எட்டில் ஆறு போனால் எத்தனை? தூங்கியவர் கண்ணை இடம் வலமாக இரண்டு முறை திருப்பினார். பெரும்பாலான கேள்விகளுக்குப் பதிலே வரவில்லை, ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்குத்தான் சரியான பதில் வந்தது. ஆனாலும் அதைப் படித்த அன்று என்னால் உட்கார முடியவில்லை, வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன். அத்தனை வருடம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தவர்களோடு பேசவே முடியுமென்றால்! தோழியிடம் இதைச் சொல்லுங்கள்.

எனக்குக் கனவே வருவதில்லை. நான் பழக முடியுமா? (அலுவலக ஊழியர், பொங்கோல்)

வருகிறது, மறந்துபோகிறது. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை ரெம் தூக்கம் வரும், ஓர் இரவில் நாலைந்து முறை. முதல் சுற்று சில நிமிடங்களே இருக்கும். விடியற்காலையில் வருவது அரை மணி நேரம்கூட நீளும். நீங்கள் அலாரம் அடித்ததும் கைபேசியை எடுத்து வாட்ஸ்அப் பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கனவு போவது அங்கேதான்.

கண் விழித்ததும் புரளாதீர்கள். அதே பக்கமாகப் படுத்தபடி, ‘இப்போது எங்கே இருந்தேன்?’ என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு முகமோ ஒரு படிக்கட்டோ ஒரு பயமோ கிடைக்கும். அந்த நூலைப் பிடித்துப் பின்னோக்கிப் போனால் மற்றவை வரும். தலையணை பக்கத்தில் நோட்டும் பென்சிலும் இருக்கட்டும். ‘ஈரமான படி, தாத்தா குடை’ என்று நாலு சொல் போதும். இரண்டு வாரம் விடாமல் செய்யுங்கள். வேறு எந்தப் பயிற்சியும் இப்போது வேண்டாம். நினைவில் நிற்காத கனவில் தெளிவு வந்தாலும் அதுவும் சேர்ந்துதான் மறந்துபோகும்.

மூக்கைப் பிடித்துப் பார், விரலை எண்ணிப் பார் என்கிறார்கள். ஒரு மாதமாக நாளுக்கு முப்பது தடவை செய்கிறேன். பலன் இல்லை. (வாசகி, புக்கிட் பாத்தோக்)

இந்தச் சோதனைகள் நல்லவைதான். கனவில் மூக்கைப் பொத்தினாலும் பெரும்பாலும் மூச்சு வரும், விரல் சில சமயம் ஆறாக இருக்கும். ஆனால் நீங்கள் எழுதியதைப் பார்த்தால், விடை தெரிந்துகொண்டே கேள்வி கேட்கிறீர்கள் என்று தோன்றுகிறது. விரலை எண்ணும்போதே மனம் ‘விழித்துத்தானே இருக்கிறேன்’ என்று சொல்லிவிடுகிறது. அப்படியே பழகினால் கனவிலும் அதையே சொல்லும். முப்பது தடவை வேண்டாம், ஐந்து போதும். ஆனால் அந்த ஐந்து தடவையும் உண்மையாகவே சந்தேகப்பட வேண்டும். இங்கே எப்படி வந்தேன்? பத்து நிமிடத்துக்கு முன் எங்கே இருந்தேன்? இந்த இடத்தில் ஏதாவது பொருந்தாமல் இருக்கிறதா?

நான் புளோக் எண்ணைப் பிடித்துக்கொண்டேன். நம் வீவக அடுக்குமாடி வீட்டுப் பேட்டைகளில் சுவரில் பெரிதாக எழுதியிருக்கும், எங்கிருந்தும் தெரியும். மின்தூக்கிக்குப் போகும் வழியில் அதைப் படிப்பேன், வேறு பக்கம் பார்ப்பேன், திரும்பவும் படிப்பேன். எழுத்தும் எண்ணும் கனவில் நிலைக்காது, இரண்டாம் முறை பார்க்கும்போது பெரும்பாலும் மாறிவிடும். ஏழு வாரம் கழித்து ஒரு நாள் 348 என்று படித்தேன், திரும்பிப் பார்த்தால் 34 என்று இருந்தது, மூன்றாம் தடவை எண் இருந்த இடத்தில் வாழை இலை படம். அப்போது நெஞ்சு அடித்துக்கொண்ட வேகம் இன்னும் நினைவிருக்கிறது. அந்த வேகத்திலேயே விழித்தும்விட்டேன்.

பலருக்கும் முதலில் இதுதான் நடக்கும். தெரிந்ததும் குதிக்காதீர்கள், பறக்கவும் பார்க்காதீர்கள். கனவிலேயே இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துத் தேயுங்கள். தேய்க்கும் சூட்டையும் சொரசொரப்பையும் கவனியுங்கள். பிறகு அருகில் இருக்கும் ஏதாவது ஒன்றைத் தொட்டுப் பாருங்கள். கனவு மங்கினால் மறுபடி கையைத் தேயுங்கள்.

தேசிய சேவையில் இருக்கிறேன். அதிகாலையில் அலாரம் வைத்து எழுந்து மறுபடி தூங்கினால் நிச்சயம் வரும் என்று படித்தேன். முகாமில் செய்யலாமா? (வாசகர், யீஷூன்)

செய்யாதீர்கள் தம்பி. பத்தரைக்கு விளக்கணைத்து ஐந்தரைக்கு எழுப்புகிறார்கள், நடுவில் காவல் பணியும் வரும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஏழு மணி நேரத்தை உடைத்துக்கொண்டு மறுநாள் துப்பாக்கியைக் கையில் எடுப்பது சரியில்லை. உங்கள் அறையில் தூங்கும் மற்றவர்களையும் நினைத்துப் பாருங்கள்.

புக் அவுட் ஆகி வீட்டுக்கு வந்து, மறுநாள் எங்கும் போக வேண்டாத இரவில் செய்யலாம். படுத்து ஐந்து மணி நேரம் கழித்து அலாரம். எழுந்து தண்ணீர் குடித்து, மங்கிய வெளிச்சத்தில் உங்கள் கனவு நோட்டைப் படியுங்கள். கைபேசி வேண்டாம். பத்து நிமிடம் போதும். திரும்பப் படுத்ததும், சற்று முன் கண்ட கனவை நினைத்துக்கொண்டு, அதில் எந்த இடத்தில் ‘இது கனவு’ என்று பிடித்திருக்கலாம் என்று பாருங்கள். அந்த இடத்தில் பிடித்துவிட்டதாகவே மனதில் ஓட்டுங்கள். கூடவே, ‘அடுத்த தடவை கனவு காணும்போது, கனவு என்று ஞாபகம் வைத்துக்கொள்வேன்’ என்று சொல்லுங்கள். என் அம்மா கடைக்குப் போகும்போது எதையும் மறக்காமல் இருக்க முந்தானையில் முடிச்சுப் போட்டுக்கொள்வார். அதே காரியம்தான், முடிச்சு மட்டும் மனதில். சொல்லிக்கொண்டே சீக்கிரம் தூங்கிப்போனால் பலன் அதிகம். இந்த முறையை உருவாக்கியவர் மேலே சொன்ன லாபெர்ஜ்தான்.

‘நிச்சயம்’ என்று படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். நிச்சயம் என்று யாராலும் சொல்ல முடியாது. பத்து இரவில் இரண்டு இரவு வந்தாலே நல்ல கணக்கு என்பேன்.

கனவு நம் கைவசம் என்றால், அதில் ஃபோர்-டி (4D) லாட்டரி நம்பர் கேட்டு வாங்க முடியுமா? (வாசகர், தோ பாயோ)

இந்தக் கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்தது, அதனால் தவிர்க்காமல் பதில் எழுதுகிறேன். முடியாது. கனவில் எண் நிலைக்காது என்பதுதான் நாம் அதைக் கனவு என்று கண்டுபிடிக்கும் வழியே. அதோடு, கனவில் யார் வந்து எது சொன்னாலும் சொல்வது உங்கள் மூளை. அதற்கு அடுத்த குலுக்கல் தெரியாது.

கடிதத்தின் கடைசியில், புதன், சனி, ஞாயிறு மூன்று நாளும் கனவில் வந்ததை வைத்து வாங்குகிறேன், மனைவிக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். ஐயா, எனக்கு உங்கள் கேள்வியைவிட அந்த வரிதான் மனதில் நிற்கிறது. மனைவியிடம் இன்றைக்கே பேசுங்கள்.

தெளிவுக் கனவு பழக ஆரம்பித்த பிறகு, விடியற்காலையில் விழிப்பு வந்தும் கை கால் அசைக்க முடியவில்லை. நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். நிறுத்திவிடவா? (வாசகி, 54, அங் மோ கியோ)

இதை ஊரில் அமுக்குவான் பேய் என்பார்கள். உங்கள் மலாய் அண்டை வீட்டுக்காரர் ‘கெனா திண்டே’ என்றாரல்லவா, அதற்கும் அமுக்கப்படுவது என்றுதான் அர்த்தம். சீனர்களும் பேய் கட்டிலை அழுத்துகிறது என்பார்கள். ஒரே மாடியில் இருக்கும் மூன்று வீட்டிலும் ஒரே அனுபவம், மூன்று மொழியில் ஒரே பெயர். அத்தனை பேரும் பொய் சொல்லவில்லை. நடப்பது உண்மை, பேய் மட்டும் இல்லை.

ரெம் தூக்கத்தில் தசைகள் கட்டப்பட்டிருக்கும் என்று சொன்னேன் அல்லவா? மனம் முதலில் விழித்து, கட்டு அவிழச் சில நொடிகளோ ஓரிரு நிமிடமோ தாமதமானால் இப்படி ஆகும். கனவின் மிச்சமும் கூடவே ஓடுவதால் அறையில் ஆள் இருப்பதாகத் தோன்றும். மூச்சு விடும் முக்கியத் தசை வேலை செய்துகொண்டேதான் இருக்கிறது. இழுத்து ஆழமாக மூச்சு விட முயலும்போது நெஞ்சுத் தசை ஒத்துழைக்காததால்தான் பாரமாகத் தெரிகிறது. திமிறாதீர்கள். மூச்சை அதன் போக்கில் விட்டு, ஒரு கால் விரலை மட்டும் அசைக்கப் பாருங்கள். ஒன்றும் செய்யாவிட்டாலும் தானே போய்விடும். மல்லாந்து படுப்பதும் தூக்கக் குறைவும் இதை அதிகப்படுத்தும்.

ஒரு மாதம் அலாரம் வைப்பதை நிறுத்துங்கள், பக்கவாட்டில் படுங்கள். நோட்டு எழுதுவது மட்டும் தொடரட்டும். அப்படியும் அடிக்கடி வந்தால், அல்லது பகலில் அடக்க முடியாத தூக்கம் வந்தால், பலதுறை மருந்தகத்தில் சொல்லித் தூக்க நிபுணரைப் பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதையொட்டி வந்த மற்ற இரண்டு கேள்விகளுக்குச் சுருக்கமாக. கனவிலேயே மாட்டிக்கொள்ள முடியாது, ரெம் சுற்று தானாக முடியும். சில சமயம் விழித்துவிட்டதாகக் கனவு வரும், பல் தேய்த்து பஸ்ஸுக்குக்கூடக் கிளம்பியிருப்பீர்கள். பயப்பட வேண்டாம், அதுவும் முடியும். அடுத்தது, இணையத்தில் விற்கும் கனவு மாத்திரை. அவற்றில் சிலவற்றில் இருக்கும் கேலன்டமைன் அல்சைமர் நோய்க்குக் கொடுக்கும் மருந்து. மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள், கனவு குறைகிறதே என்று அதை நிறுத்தவே கூடாது. இருமுனை மனநோயோ, இல்லாத குரல் கேட்கும் தொந்தரவோ இருந்தவர்கள், இந்தப் பயிற்சிக்கு முன் தங்கள் மருத்துவரிடம் பேச வேண்டும். தூக்கத்தை உடைப்பது அவர்களுக்கு ஆபத்து.

அம்மா, துவாஸில் கட்டுமான வேலை. ஊரில் எனக்கு மூன்று வயதில் மகள். நான் வந்தபோது கைக்குழந்தை. கனவில் அவளை நான் நினைத்தபோது பார்க்க முடியுமா? தூக்கிக்கொள்ள முடியுமா? (வாசகர், தங்குவிடுதி)

உங்கள் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன், பதிலைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன்.

நாலரைக்கு எழுந்து லாரிக்கு நிற்பதாகவும், படுக்கப் பதினொன்று ஆகிவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஐந்தரை மணி நேரத் தூக்கம். கனவு அதிகம் வருவது தூக்கத்தின் கடைசிப் பகுதியில். அதைத்தான் லாரி எடுத்துக்கொள்கிறது. ஆகவே வேலை நாளில் எந்தப் பயிற்சியும் வேண்டாம். சாரத்தில் ஏறி நிற்பவர் நீங்கள். முடிந்தால் ஊருக்குப் பேசுவதை அரை மணி முன்னால் வைத்துக்கொண்டு, அரை மணி முன்னால் படுங்கள்.

ஞாயிறு விடுமுறை என்றால் சனி இரவு உங்களுடையது. அன்று மகளோடு வீடியோவில் பேசும்போது ஏதாவது ஒன்றை மட்டும் உற்றுப் பாருங்கள். காதில் என்ன போட்டிருக்கிறாள், எந்தப் பல் முளைத்திருக்கிறது, உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுகிறாள், அந்த மாதிரி ஒன்று. படுத்ததும் அதை நினைத்துக்கொண்டு, ‘இன்றைக்கு அவளைப் பார்த்தால், கனவு என்று எனக்குத் தெரியும்’ என்று சொல்லிக்கொள்ளுங்கள். அலாரம் வேண்டாம். ஞாயிறு காலை உடம்பு எழுப்பும்வரை தூங்குங்கள். உங்களுக்குப் புளோக் எண்ணெல்லாம் தேவையில்லை. மகள் பக்கத்தில் இருக்கிறாள் என்பதே போதும், துவாஸில் அவள் இருக்க முடியாது.

தூக்கிக்கொள்ள முடியுமா என்று கேட்டீர்கள். முடியும். கனவில் தொடுவது தொடுவதாகவே இருக்கும், பாரமும் தெரியும். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வருவது உங்கள் நினைவில் இருக்கும் மகள். நீங்கள் பார்க்காத வயதில் வந்தால் அது உங்கள் கற்பனை, உங்களுக்குத் தெரியாத எதையும் சொல்ல மாட்டாள். முகம்கூடச் சில சமயம் மாறிவிடும்.

என் அம்மா இறந்து பதினொரு வருடம் ஆகிறது. செம்பவாங் நேவல் பேஸ் குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்த வீடு அதற்கு வெகுகாலம் முன்பே போய்விட்டது. அந்த வீட்டுப் பின்வாசலில் அவர் முறத்தை மடியில் வைத்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்ததும், எனக்குக் கனவு என்று தெரிந்துவிட்டது. “அம்மா!” என்று கத்தினேன், விழித்தேன். ஆறு மாதம் கழித்து மறுபடி அதே பின்வாசல் வந்தது. அப்போது கத்தவில்லை. கையைத் தேய்த்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, நானும் கீரை ஆய்ந்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கீரைக் காம்பின் ஈரம் விரலில் தெரிந்தது. கண் விழித்தபோது அழுகை வந்தது, ஆனால் அன்று முழுக்க உடம்பு லேசாக இருந்தது. உங்களுக்கும் விழித்த பிறகு கொஞ்ச நேரம் கஷ்டமாக இருக்கும். அதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். ரொம்பக் கஷ்டமானால் விட்டுவிடுங்கள், அறையில் இருக்கும் நண்பர் ஒருவரிடமாவது சொல்லுங்கள்.

அவள் வந்தால் உடனே தூக்க ஓடாதீர்கள், என்னைப் போல விழித்துவிடுவீர்கள். முதலில் கீழே உட்காருங்கள், அவள் உயரத்துக்கு. கையைத் தேயுங்கள். அவளே வரட்டும். ஞாயிறு எழுந்ததும் எழுதி அனுப்புங்கள், ஒன்றும் வராவிட்டாலும் வரவில்லை என்று எழுதுங்கள். போன கடிதத்தில் மகள் பெயரைச் சொல்லவில்லை, அதையும் எழுதுங்கள்.